மிளகாய்த் தெளிப்பானின் ஆயுள்

கடையில் சார்டின் டின் வாங்கினால், அதைத் திருப்பிப் பார்த்து, தேதி தாண்டிவிட்டதா என்று கவனிக்கிறோம். பால் மாவு, இருமல் மருந்து, குழந்தைக்கான காய்ச்சல் மருந்து, எதை எடுத்தாலும் தேதியைப் பார்ப்பது நம் வீடுகளில் பழக்கமாகிவிட்டது. ஆனால் ஆபத்து வேளையில் நம்மைக் காப்பாற்றும் என்று நம்பி ஒரு பொருளைக் கைப்பையிலே போட்டுக்கொண்டு திரிகிறார்களே, அதன் தேதியை யார் பார்க்கிறார்கள்? பெப்பர் ஸ்ப்ரே என்று எல்லாரும் சொல்லும் தற்காப்புத் தெளிப்பானைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

பேச்சைத் தொடங்குமுன் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சிங்கப்பூரில் உரிமம் இல்லாமல் இதை வைத்திருப்பதும், வெளிநாட்டிலிருந்து கொண்டு வருவதும் குற்றம். மலேசியாவிலும் இதைப் பையில் வைத்திருப்பவர் போலீஸ் விசாரணைக்கும் வழக்குக்கும் ஆளாக நேரிடலாம். பிரிட்டனில் 1968ஆம் ஆண்டின் சுடும் ஆயுதச் சட்டத்தின் கீழ் இது தடை செய்யப்பட்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். இந்தியாவிலோ உரிமம் எதுவும் தேவையில்லை. கடையிலும் வாங்கலாம், இணையத்திலும் வாங்கலாம். சென்னை, பெங்களூர், மணிப்பால் என்று நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் படிக்கப் போயிருக்கிறார்கள். அங்கே தங்கும் விடுதியில் சேர்த்துவிட்டுத் திரும்பும்போது, ‘‘இதைப் பையிலே வைத்துக்கொள் அம்மா’’ என்று ஒரு குப்பியை வாங்கிக் கொடுத்துவிட்டு வரும் பெற்றோரும் உண்டு. இந்தப் பேச்சு முக்கியமாக அவர்களுக்காகத்தான்.

பெயரிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. பெப்பர் என்றதும் நமக்கு ரசத்திலே போடும் மிளகு ஞாபகத்துக்கு வரும். ஆனால் இந்தக் குப்பிக்குள் இருப்பது மிளகு அல்ல, மிளகாய். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துகீசியர் கொண்டுவந்த பிறகுதான் அது நம் அம்மியில் ஏறியது. அதற்கு முன்பு நம் முன்னோருக்குக் காரம் என்றால் மிளகுதான். அதனால்தான் புதிதாக வந்த காய்க்கும் மிளகு என்ற சொல்லையே ஒட்டிப் பெயர் வைத்துவிட்டார்கள். ஆங்கிலேயரும் இரண்டையும் ஒரே சொல்லால்தான் அழைக்கிறார்கள். ஆகவே நாம் இதை மிளகாய்த் தெளிப்பான் என்றே சொல்லுவோம்.

மிளகாயின் காரத்துக்குக் காரணம் கேப்சைசின் என்னும் பொருள். சிலி பாடி நறுக்கிய கையால் தெரியாமல் கண்ணைத் தொட்டவர்களுக்கு இதைப் பற்றி விளக்கம் தேவையில்லை. நம் உடலில், சுமார் 43 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டை உணர்வதற்கென்று நரம்பு நுனிகளில் ஓர் உணர்வாயில் இருக்கிறது. கேப்சைசின் அதே வாயிலைத் திறந்துவிடுகிறது. உண்மையில் சூடு எதுவும் இல்லை. ஆனால் நெருப்புப் பட்டது என்று நரம்பு மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. இந்த உணர்வாயிலை டேவிட் ஜூலியஸ் என்னும் அமெரிக்க விஞ்ஞானி 1997இல் கண்டறிந்தார். 2021இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்கும் ஆர்டெம் பட்டாபூட்டியன் என்பவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. சமையலறை மிளகாயிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சிக்கு நோபல் பரிசு கிடைத்திருக்கிறது என்பது நமக்கெல்லாம் சற்று மகிழ்ச்சி தரும் செய்திதான்.

கையடக்கமான தற்காப்புக் குப்பி முதலில் வந்தது மிளகாயோடு அல்ல. 1965இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஆலன் லிட்மன் என்பவர், ஒருவகைக் கண்ணீர்ப்புகைப் பொருளைச் சிறு குப்பியில் அடைத்து, மேஸ் என்று பெயரிட்டார். மிளகாய்ச் சாறு அடைத்த குப்பிகள் பின்னால்தான் பரவின. குடிபோதையில் வலி உறைக்காதவனிடம் கண்ணீர்ப்புகைப் பொருள் சரியாக வேலை செய்யாது என்ற குறை இருந்தது. மிளகாய்ச் சாறு அப்படியல்ல. கண்ணிமைகளை வீங்கச் செய்து மூட வைத்துவிடுகிறது. வலி தெரியாவிட்டாலும் கண் தெரியாது அல்லவா?

சரி, இப்போது ஆயுளுக்கு வருவோம். மிளகாய்ச் சாறு பழசாகிக் காரம் போய்விடும், அதனால்தான் தேதி போடுகிறார்கள் என்றே பலரும் நினைக்கிறார்கள். இது தவறான எண்ணம். மூடிய குப்பிக்குள், வெளிச்சமும் காற்றும் படாமல் இருக்கும் கேப்சைசின் பல ஆண்டுகள் கெடாமல் இருக்கக்கூடியது. நான்கு வருடம் ஆன குப்பியைத் திறந்து பார்த்தால், உள்ளே இருக்கும் சாறு அப்போதும் கண்ணை எரிக்கும். அப்படியானால் தீர்ந்து போவது எது? காற்றழுத்தம்தான்.

மிதிவண்டியை ஆறு மாதம் ஓட்டாமல் சுவரோரம் சாய்த்து வைத்துப் பாருங்கள். முள் குத்தவில்லை, யாரும் காற்றைப் பிடுங்கவில்லை. ஆனாலும் சக்கரம் தொய்ந்திருக்கும். தெளிப்பான் குப்பியிலும் இதுவே நடக்கிறது. குப்பியின் உள்ளே சாற்றோடு ஒரு வாயுவும் அழுத்தி அடைக்கப்பட்டிருக்கிறது. தலைப்பில் ஒரு சிறு அடைப்பான். அதைச் சுற்றி ரப்பர் வளையம். வீட்டிலே எரிவாயுத் தோம்பு மாற்றும்போது ஒரு ரப்பர் வளையத்தைப் பார்க்கிறோமே, வேலையில் அதற்கு இது தம்பி. ஆண்டுக்கணக்கில் நெருக்குண்டு கிடக்கும் ரப்பர் மெல்ல மெல்ல இறுகிப் போகும். உள்ளே இருக்கும் எண்ணெய்ச் சாறும் அதைப் பாதிக்கும். பிறகு கண்ணுக்குத் தெரியாமல், காதுக்குக் கேட்காமல், வாயு கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும்.

இதில் மோசம் என்னவென்றால், செத்துப்போன குப்பியும் உயிருள்ள குப்பியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். குலுக்கினால் உள்ளே சாறு ஆடும் சத்தமும் கேட்கும். ஆனால் அழுத்தும்போது, பத்தடி தூரம் பாய வேண்டிய சாறு முனையிலேயே சொட்டிக் கையில் வழியும். காரம் என்னவோ அப்படியே இருக்கிறது; ஆனால் அது எரிப்பது எதிரியின் கண்ணை அல்ல, நம் கையைத்தான். குப்பி இல்லாதவள் இருட்டுச் சந்தைக் கண்டால் வேறு வழியாகப் போவாள். குப்பி இருக்கிறது என்று நம்புகிறவள் துணிந்து உள்ளே போவாள். அந்தத் துணிச்சலுக்கு ஆதாரமாக இருப்பது கட்டைவிரல் அளவு ரப்பர் வளையம்கூட இல்லை, அதைவிடச் சிறியது.

ஆகவே முதலில் தேதியைப் பாருங்கள். பெரும்பாலும் குப்பியின் அடியிலோ, விலைச் சீட்டுக்குக் கீழேயோ அச்சிட்டிருப்பார்கள். அது தயாரித்த தேதியா, காலாவதித் தேதியா என்பதைச் சரியாகப் படிக்க வேண்டும். பொதுவாகத் தயாரித்த நாளிலிருந்து இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் வரையே நிறுவனங்கள் ஆயுள் கொடுக்கின்றன. நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல, தயாரித்த நாளிலிருந்து. கடையின் பின்னறையில் ஒரு வருடம் தூங்கிய குப்பியை மலிவு விலை என்று வாங்கினால், ஆயுளில் ஒரு வருடம் ஏற்கெனவே போயிற்று. அச்சு மை கைபட்டு அழிந்துவிடும். ஆகவே வாங்கிய அன்றே தேதியை ஒரு துண்டுப் பசைநாடாவில் எழுதிக் குப்பியில் ஒட்டிவிடுவது நல்லது. மருத்துவப் படிப்பு ஐந்து வருடத்துக்கு மேல் நீளும். முதல் வருடம் அப்பா வாங்கிக் கொடுத்த குப்பி, மகள் பட்டம் வாங்கும் வரை தாங்காது என்பதைப் பெற்றோர் மனத்தில் வைக்க வேண்டும்.

தேதி மட்டும் போதாது. கசிகிறதா என்று கண்டுபிடிக்கச் சமையலறைத் தராசே போதும். மாவு நிறுக்கும் மின்தராசு, ஒரு கிராம் வரை காட்டுவதாக இருந்தால் நல்லது. வாங்கிய அன்று குப்பியை நிறுத்து, அந்த எடையையும் தேதிக்குப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி நிறுத்துப் பாருங்கள். உபயோகிக்காமலே எடை குறைந்துகொண்டு வந்தால் வாயு போகிறது என்று பொருள். அமெரிக்காவில் கரடிகளை விரட்டுவதற்கென்று பெரிய தெளிப்பான்கள் விற்கிறார்கள். அவற்றை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2021இல் வெளிவந்தது. பழைய குப்பிகள் எடையில் குறைந்துகொண்டே வந்ததையும், காரம் மட்டும் குறையாமல் இருந்ததையும் அதிலே பதிவு செய்திருக்கிறார்கள். நாட்டுக்கு நாடு குப்பியின் அளவு மாறலாம். ரப்பரின் குணம் மாறுவதில்லை.

சிலர் குப்பி வேலை செய்கிறதா என்று அடிக்கடி அழுத்திப் பார்ப்பார்கள். இதற்கு நான் உடன்பட மாட்டேன். இதன் காரணத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். குப்பிகளில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையில் வாயு அழுத்தத்தால் திரவமாகி உள்ளே இருக்கும். கொசு மருந்துக் குப்பியிலே இருப்பது போல. சாறு வெளியேற வெளியேற, திரவம் ஆவியாகி அந்த இடத்தை நிரப்பும். அழுத்தம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். இன்னொரு வகையில் நைட்ரஜன் போன்ற வாயுவை வெறுமனே நெருக்கி அடைத்திருப்பார்கள். இதில் ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் அழுத்தம் இறங்கும், மீண்டும் ஏறாது. உங்கள் கையில் இருப்பது எந்த வகை என்பது வெளியிலிருந்து தெரியாது. மேலும், சிறு குப்பியில் மொத்தமே சில விநாடிகள் பாயும் அளவுதான் சாறு இருக்கும். வாரம் ஒருமுறை சோதித்தால், தேவைப்படும் நாளில் சோதனையின் மிச்சம்தான் கையில் இருக்கும்.

வாங்கியவுடன் ஒரே ஒரு முறை, அரை விநாடி, அதுவும் திறந்த வெளியில், காற்று நம் முதுகுப் பக்கமிருந்து வீசும்போது, அருகில் ஆளோ பிராணியோ இல்லாத இடத்தில் அழுத்திப் பார்த்தால் போதும். பிறகு முனையை ஒரு பழைய துணியால் துடைத்துவிட வேண்டும். உலர்ந்த சாறு துளையை அடைத்துக்கொள்ளும். துணியைத் தூக்கி எறிந்துவிட்டுக் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கைப்பழக்கம் வேண்டும் என்றால், வெறும் தண்ணீர் அடைத்த பயிற்சிக் குப்பிகளைச் சில நிறுவனங்கள் விற்கின்றன. அவற்றை எத்தனை முறை வேண்டுமானாலும் அழுத்தலாம்.

வீட்டுக்குள் சோதித்துப் பார்க்கவே கூடாது. 2014ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள், தெலுங்கானா மசோதா விவகாரத்தில் இந்திய மக்களவைக்குள் ஓர் உறுப்பினர் இத்தகைய குப்பியை அழுத்திவிட்டார். குளிர்சாதன வசதியுள்ள மூடிய மண்டபம். எத்தனை உயரமான கூரை! ஆனாலும் உறுப்பினர்கள் இருமிக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும் வெளியே ஓடினார்கள்; சிலரை மருத்துவமனைக்கும் கொண்டுபோக நேர்ந்தது. பெரிய மண்டபத்திலேயே அப்படியென்றால், மாணவர் விடுதியின் பத்தடி அறையில் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது சூடு. எல்லாத் தெளிப்பான் குப்பிகளிலும் 50 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் வைக்காதீர்கள் என்று எழுதியிருக்கும். 50 டிகிரி எங்கே வரப்போகிறது என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு எளிதில் வந்துவிடும்; முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள பலகையில் அதற்கும் மேலே போகும். சென்னைச் சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் இருக்கையின் கீழ்ப்பெட்டியும் அப்படித்தான். சூடேறினால் வாயு விரிந்து அழுத்தம் கூடும்; ரப்பர் வளையம் சீக்கிரம் தளரும்; சில வேளை குப்பியே வெடித்துவிடும். கார் முழுவதும் மிளகாய்ச் சாறு தெறித்தால், அந்த இருக்கையில் மறுபடி உட்காருவதற்கு எத்தனை நாளாகும் என்று சொல்ல முடியாது. குளிரும் கெடுதிதான். கனடா போன்ற நாடுகளின் பனிக்காலத்தில் அழுத்தம் குறைந்து, சாறு பாயும் தூரமும் குறைந்துவிடும். அங்கே வெளியே செல்லும்போது குப்பியை மேலங்கிக்கு உள்பக்கம் வைத்துக்கொள்வது நல்லது.

அறையில் எங்கே வைப்பது? சன்னலோர வெயிலும் அடுப்பும் இல்லாத நிழலான இடத்தில், சின்னப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில், நிமிர்த்தி வைக்கலாம். வாசனைத் தைலக் குப்பிகளோடு சேர்த்து வைக்காதீர்கள். இரண்டும் ஒரே அளவு, ஒரே மாதிரி மூடி. மாதம் ஒருமுறை மெதுவாகக் குலுக்கிவிட வேண்டும். மிளகாய்ச் சாறு அடியில் தங்கிவிடும் இயல்புள்ளது. வெளியே போகும்போது பையின் அடியில், சீப்பு, சாவி, புத்தகத்துக்கு நடுவே போட்டால் இரண்டு வகையில் நட்டம். அவசரத்துக்குக் கைக்கு அகப்படாது. அதோடு, சாவி இடித்துப் பூட்டு விலகித் தானே பீய்ச்சிவிடும். பாதுகாப்புப் பூட்டு இறுக்கமாக இருக்கிறதா என்பதையும் எடை பார்க்கும் நாளிலேயே பார்த்துவிடலாம்.

பணத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணி, மிளகாய்த்தூளைத் தண்ணீரிலோ காடியிலோ கரைத்துப் பூவுக்குத் தண்ணீர் தெளிக்கும் குப்பியில் ஊற்றிக்கொள்வதும் சில இடங்களில் நடக்கிறது. கேப்சைசின் தண்ணீரில் கரையாது. தூள் முனையில் அடைத்துக்கொள்ளும். இரண்டே வாரத்தில் உள்ளே பூஞ்சை பிடிக்கும். மற்றவர் கண்ணில் பட்டால் நிரந்தரக் காயமும் ஏற்படலாம். இந்த யோசனையைக் கைவிடுவதே நல்லது.

குப்பி கசிந்து தன் கண்ணிலேயே பட்டுவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் காற்றோட்டமான இடத்துக்குப் போக வேண்டும். கண்ணைக் கசக்கவே கூடாது. கசக்கினால் சாறு இன்னும் உள்ளே தேயும். கண்ணில் ஒட்டுவில்லை இருந்தால், சுத்தமான கையால் எடுத்துவிட்டு, குளிர்ந்த தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் கண்ணை மூடித் திறந்து கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். தோலில் பட்ட இடத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவலாம். எண்ணெயில் கரையும் பொருள் என்பதால் வெறும் தண்ணீர் தோலிலே அதிகம் உதவாது. ஆனால் எண்ணெய், களிம்பு, வெண்ணெய் எதையும் தடவாதீர்கள். அவை சாற்றைத் தோலோடு பிடித்து வைத்துவிடும். பால் ஊற்றினால் சீக்கிரம் ஆறும் என்பார்கள். பாலையும் தண்ணீரையும் ஒப்பிட்டுச் செய்த ஆய்வில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. பாலைத் தேடி ஓடும் நேரத்தில் குழாயைத் திறப்பதே மேல். பெரும்பாலோருக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எரிச்சல் தணிந்துவிடும். ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுத் திணறினாலோ, பார்வை தெளியாவிட்டாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். உடுத்தியிருந்த துணியை மற்றவர் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

விடுமுறைக்கு வீடு திரும்பும் பிள்ளைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அனைத்துலக விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் விதிப்படி இந்தத் தெளிப்பானைக் கைப்பையிலும் கொண்டு போகக் கூடாது, ஏற்றுமதிப் பெட்டியிலும் போடக் கூடாது. அமெரிக்க உள்நாட்டு விதி 118 மில்லிலிட்டர் வரையுள்ள ஒரு குப்பியைப் பெட்டியில் வைக்க இடம் தருகிறது என்றாலும், பல விமான நிறுவனங்கள் அதையும் ஏற்பதில்லை. மறந்து பையிலேயே கிடந்தால் விமான நிலையத்தில் பறிமுதல். தப்பித்தவறி இங்கே வந்து சேர்ந்துவிட்டால் அதைவிடப் பெரிய தொல்லை. ஊருக்குக் கிளம்பும் முன்தினம் பையை ஒருமுறை கவிழ்த்துப் பார்ப்பது நல்லது.

காலாவதியான குப்பியைக் குப்பையோடு கொளுத்தாதீர்கள், ஆணியால் துளைக்காதீர்கள். குப்பை அள்ளுகிறவரின் முகத்தில் அது வெடிக்கும். ஆபத்தான கழிவுகளைத் தனியே வாங்கிக்கொள்ளும் இடம் அந்த ஊரில் இருந்தால் அங்கே ஒப்படைக்கலாம். இல்லையென்றால், ஆளில்லாத வெட்டவெளியில், கையுறையும் கண்ணாடியும் அணிந்து, காற்றுக்கு முதுகு காட்டி நின்று, தரையை நோக்கி முழுவதும் காலி செய்துவிட்டு, காகிதத்தில் சுற்றிப் போடலாம்.

இங்கே மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நேயர்கள், ‘‘எங்களுக்கு என்ன வழி?’’ என்று கேட்பீர்கள். ஊசியை இழுத்தால் காதைத் துளைக்கும் சத்தம் போடும் சிறு அபாயமணி கடைகளில் கிடைக்கிறது. சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளலாம். இதற்கும் ஆயுள் உண்டு. உள்ளே இருப்பது சின்னப் பொத்தான் மின்கலங்கள். உபயோகிக்காமலே சக்தி இறங்கும், சில வேளை கசிந்து தகடு துருப்பிடிக்கும். மாதம் ஒருமுறை ஊசியை இழுத்துச் சத்தம் கேட்டுப் பாருங்கள். இதில் எத்தனை முறை சோதித்தாலும் பெரிய நட்டம் இல்லை. சத்தம் கம்மினால் மின்கலத்தை மாற்றிவிட வேண்டியதுதான். அண்டைவீட்டாரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அவ்வளவுதான். கழற்றிய பழைய மின்கலத்தை மேசையில் வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். சின்னப் பிள்ளை விழுங்கிவிட்டால், இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடக்கூடியது அது. விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, தானாக வெளியே வரட்டும் என்று காத்திராமல், உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பழைய மின்கலத்தின் இரண்டு பக்கமும் பசைநாடா ஒட்டி, மூடியுள்ள டப்பாவில் போட்டு, மின்கலம் சேகரிக்கும் பெட்டி உள்ள பேரங்காடிக்குப் போகும்போது அதிலே சேர்த்துவிடலாம்.